ஆன்டிபாடி எத்தனை என்று கேட்கிறார்கள்

உடன்குடி பஜாரில் ரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்துகிறேன். சர்க்கரைக்கு அடுத்தபடியாக எங்களிடம் அதிகம் வருவது தைராய்டுச் சீட்டு. முன்பெல்லாம் அதில் டி.எஸ்.எச். மட்டும் எழுதியிருக்கும். இப்போது ‘ஆன்டி டி.பி.ஓ.’ என்று இன்னொரு வரியும் சேர்ந்து வருகிறது. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியவர்களை அதிகம் பயமுறுத்துவது அந்த வரிதான்.

டி.எஸ்.எச். ஐந்தோ பத்தோ இருக்கும், அதனால் அது மனதில் பதிவதில்லை. ஆன்டி டி.பி.ஓ. என்ற ஆன்டிபாடியோ எண்ணூறு, தொள்ளாயிரம், ஆயிரத்துக்கு மேல் என்று வருகிறது. பக்கத்தில் 34-க்குள் இருக்க வேண்டும் என்றும் அச்சிட்டிருக்கிறது. பார்த்தவருக்குக் கை கால் ஓடாது. பரமன்குறிச்சிப் பக்கத்திலிருந்து வரும் ஒரு அக்கா ஒவ்வொரு தடவையும் இதைத்தான் கேட்பார். “தம்பி, போன தடவ எண்ணூத்திச் சொச்சம் கெடந்துச்சு. மாத்திரய ஒரு நா விடாமத்தான் போடுதேன். இப்ப ஆயிரத்துக்கு மேலன்னு போட்டிருக்கு. மாத்திர வேல செய்யலையோ?”

மாத்திரை நன்றாகவே வேலை செய்திருந்தது. அவருடைய டி.எஸ்.எச். 2.4. முதன்முதலில் வந்தபோது அது 40-ஐத் தாண்டியிருந்தது. முகம் வீங்கி, குரல் கட்டி, வெயில் காலத்திலும் போர்வை கேட்டவர் இப்போது விறகுக் கட்டு தூக்குகிறார். ஆன்டிபாடியைக் குறைப்பது தைராக்சின் மாத்திரையின் வேலையே இல்லை. சுரப்பி தராததைத் தருவது மட்டும்தான் அதன் வேலை.

நோயைக் கண்டுபிடிப்பதும் மருந்து எழுதுவதும் டாக்டர் பொறுப்பு. ஆனால் டாக்டரிடம் கேட்கத் தயங்குகிற கேள்வியெல்லாம் ரத்தம் எடுக்கிறவனிடம் வந்துவிடுகிறது. கையில் ரப்பர் கட்டி நரம்பு பார்க்கிற இரண்டு நிமிடத்தில் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

தைராய்டு சுரப்பி பதினைந்து, இருபது கிராம்தான் இருக்கும். கழுத்தில் குரல்வளைக்குக் கீழே இரு பக்கமும் படிந்திருக்கிறது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத சிறு பைகள். ஒவ்வொரு பையைச் சுற்றியும் ஒரு வரிசை செல்கள், பை நிறையக் கொழகொழப்பான புரதம். அந்தப் புரதத்தின் பெயர் தைரோகுளோபுலின். ரத்தத்திலிருந்து வரும் அயோடினை இந்தப் புரதத்தில் ஏற்றிக் கோர்க்கும் நொதிதான் தைராய்டு பெராக்ஸிடேஸ். டி.பி.ஓ. என்று சீட்டில் எழுதுவது இதைத்தான். நான்கு அயோடின் ஏறினால் டி4, மூன்று ஏறினால் டி3. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி, ரத்தத்தில் இவை எவ்வளவு இருக்கின்றன என்று கவனித்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் குறைந்தாலும் டி.எஸ்.எச்.சைப் பல மடங்கு ஏற்றி அனுப்பும். அந்த டி.எஸ்.எச். வந்து உட்காரும் இடத்துக்கு ரிசப்டார் என்று பெயர்.

தைராய்டு நோயில் எது எங்கே இருக்கிறது என்பது மிக முக்கியம். டி.எஸ்.எச். ரிசப்டார் செல்லின் வெளிப்பக்கம், ரத்தத்தைப் பார்த்து இருக்கிறது. ரத்தத்தில் மிதக்கும் எதுவும் நேராக வந்து அதைத் தொடலாம். டி.பி.ஓ. இருப்பது எதிர்ப்பக்கத்தில், பையின் உட்புறத்தைப் பார்த்து. சுரப்பி நல்லபடியாக இருக்கும்வரை ரத்தத்தில் இருக்கும் ஆன்டிபாடி அங்கே எளிதில் போய்ச் சேர முடியாது. முதலில் செல் அடிபட வேண்டும், பை உடைய வேண்டும். அதை உடைப்பவை வெள்ளணுக்களில் ஒரு வகையான டி லிம்போசைட்டுகள். நம் உடம்பைக் காக்க வேண்டிய அந்த அணுக்கள் சுரப்பிக்குள் கூட்டமாகக் குடியேறி அதன் செல்களைக் கொல்கின்றன. உடைந்த செல்லிலிருந்து டி.பி.ஓ.வும் தைரோகுளோபுலினும் வெளியே தெரிய, அவற்றுக்கு எதிராக ஆன்டிபாடி குவிகிறது. குவிந்த ஆன்டிபாடியும் சும்மா இருப்பதில்லை, ‘காம்ப்ளிமென்ட்’ என்ற ரத்தப் புரதங்களைக் கூட்டிக்கொண்டு அழிவில் பங்கெடுக்கிறது. ஆனால் முதல் கை அதனுடையது இல்லை.

எங்கள் ஊர்ப் பக்கம் பதனீர் காலத்தில், கருப்பட்டி காய்ச்சும் குடிசையான விடிலியிலிருந்து புகை கிளம்பினால் உள்ளே அடுப்பு எரிகிறது என்று தெருவில் போகிறவருக்கும் தெரியும். ஆனால் எத்தனை கருப்பட்டி ஊற்றுகிறார்கள் என்று புகையைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆன்டி டி.பி.ஓ. அந்த மாதிரி. எண்ணூறு இருப்பவருக்கு நானூறு இருப்பவரைப் போல இரண்டு மடங்கு நோய் என்று கணக்குப் போட இடமில்லை. ஆயிரத்துக்கு மேல் இருந்தும் சுரப்பி ஒழுங்காக வேலை செய்கிறவர்கள் உண்டு. நூறு, நூற்றைம்பதிலேயே மாத்திரைக்கு வந்தவர்களும் உண்டு.

சுரப்பியை இப்படி அழிக்கும் நோயை முதலில் எழுதிவைத்தவர் ஒரு ஜப்பானியர், அவர் பெயராலேயே அது ஹஷிமோட்டோ நோய் எனப்படுகிறது. ஹகாரு ஹஷிமோட்டோ என்ற இளம் அறுவைச் சிகிச்சை மருத்துவர், 1912-ல், நான்கு பெண்களின் கழுத்துக் கட்டியை வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்து, சுரப்பி முழுக்க லிம்போசைட் நிறைந்திருந்ததை ஒரு ஜெர்மன் இதழில் வெளியிட்டார். ஏன் நிறைந்தது என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. உடம்பு தன்னையே தாக்காது என்பதுதான் அன்றைய பெரியவர்கள் எல்லோரும் நம்பியது. அந்த நம்பிக்கை 1956-ல் உடைந்தது. அமெரிக்காவின் பஃபலோவில் நோயெல் ரோஸும் எர்னஸ்ட் விட்டெப்ஸ்கியும் முயல்களுக்கு முயல் தைராய்டின் சாற்றையே ஊசியில் ஏற்றினார்கள். முயல்களின் சுரப்பி ஹஷிமோட்டோ பார்த்தது போலவே ஆனது. அதே ஆண்டு லண்டனில் இவான் ராய்ட், டெபோரா டோனியாக் முதலானோர் ஹஷிமோட்டோ நோயாளிகளின் சீரத்தையும் தைராய்டுச் சாற்றையும் சந்திக்க வைத்து, இரண்டும் சேரும் இடத்தில் படிவு விழுவதைக் காட்டினார்கள். ஆன்டிபாடியைக் கண்ணால் பார்த்தாயிற்று. என் தொழிலில் இருப்பவர்கள் இதைப் படித்தால் மெய்சிலிர்க்கும். கம்ப்யூட்டரோ மெஷினோ இல்லாமல், படிந்த வெள்ளைக் கோட்டை வைத்து ஒரு நோயின் காரணத்தையே மாற்றி எழுதியிருக்கிறார்கள்.

பழைய ரிப்போர்ட்டுகளில் ‘மைக்ரோசோமல் ஆன்டிபாடி’ என்று இருக்கும். 1:100, 1:400, 1:1600 என்று சீரத்தை நீர்க்க வைத்துக்கொண்டே போய், எதுவரை துகள்கள் ஒட்டுகின்றன என்று பார்த்து எழுதுவார்கள். அந்த மைக்ரோசோமல் பொருள் டி.பி.ஓ. நொதிதான் என்று 1985-ல் தெளிவானது. அதற்குப் பிறகு எலிசா வந்தது. தொண்ணூற்றாறு குழி கொண்ட பிளேட். சிறிய ஊரில் ஒரு நாளைக்கு இரண்டு சாம்பிள் வந்தால் அதற்காக ஒரு பிளேட்டைத் திறக்க முடியாது. சீரத்தைப் பிரித்து உறைய வைத்து, பத்துப் பன்னிரண்டு சேர்ந்த பிறகுதான் ஓட்ட வேண்டும். சீரம் ஊற்றி, காத்திருந்து, கழுவி, நிறம் தரும் திரவத்தை விட்டால் குழிகள் நீலமாகும். அமிலம் விட்டதும் மஞ்சளாக மாறும். 450 நானோமீட்டரில் ரீடர் படிக்கும் முன்பே எந்தக் குழியில் ஆன்டிபாடி மிகுதி என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். கழுவுவதில் ஒரு குழியில் சொட்டு மிச்சம் நின்றாலும் எண் ஏறிவிடும். அதனால் பிளேட்டைக் கவிழ்த்து டிஷ்யூவில் தட்டும்போது யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேன்.

இப்போது ஆன்டிபாடி சாம்பிள்களைப் பெரிய லேபுக்கு அனுப்பிவிடுகிறோம். மஞ்சள் மூடி டியூபில் எடுத்து, அரை மணி நேரம் உறைய விட்டு, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, சீரத்தைத் தனிக் குப்பியில் மாற்றி, ஐஸ் பேக் வைத்த பெட்டியில் திருநெல்வேலிக்கு அனுப்புவோம். அங்கே மெஷின் பார்க்கிறது. ஆனால் மெஷினுக்கு மெஷின் கிட் வேறு. ஒரு கிட்டில் 34-க்கு மேல் போனால் பாசிட்டிவ், இன்னொன்றில் 9, வேறொன்றில் 5.61. ஒன்று 600-ல் எண்ணுவதை நிறுத்திக்கொண்டு ‘600-க்கு மேல்’ என்கிறது, மற்றொன்று ஆயிரம் தாண்டியும் எண்ணுகிறது. போன வருடம் சென்னையில் மகள் வீட்டில் இருந்தபோது எடுத்த எண்ணையும் இந்த வருடம் இங்கே எடுத்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கூடிவிட்டது குறைந்துவிட்டது என்று பேசுவதில் பொருளே இல்லை. பரமன்குறிச்சி அக்காவுக்கும் நடந்தது இதுதான். சாம்பிள் போன லேப் மாறியிருந்தது.

என் கருத்து, ஆன்டி டி.பி.ஓ.வை ஒரு தடவை பார்த்தால் போதும். சுரப்பி ஏன் தளர்ந்தது என்று தெரிந்துகொள்வதற்கு அது உதவும். ஹஷிமோட்டோ நோயாளிகளில் பெரும்பாலோருக்கு, பத்தில் ஒன்பது பேருக்கு, அது பாசிட்டிவ். தெரிந்துகொண்ட பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அதே பரிசோதனைக்குப் பணம் கொடுப்பது வீண். இதைச் சொன்னால் எனக்கு வருமானம் குறையும் என்று நண்பர்கள் சொல்வதுண்டு. கருப்பட்டி விற்ற காசையும் பீடி சுற்றிய காசையும் முடிந்து கொண்டுவருகிற பெண்களிடம் வேறு மாதிரி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டி.எஸ்.எச். நார்மலாக இருந்து ஆன்டிபாடி மட்டும் பாசிட்டிவ் என்றால்? இந்தக் கேள்வி அடிக்கடி வரும். இங்கிலாந்தின் விக்கம் என்ற இடத்தில் மக்களை இருபது ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 1995-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல பதில் தருகிறது. ஆன்டிபாடி மட்டும் இருந்த பெண்களில் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைவு வந்தது. டி.எஸ்.எச்.சும் கூடி ஆன்டிபாடியும் இருந்தவர்களில் ஆண்டுக்கு 4 சதவீதத்துக்குச் சற்று மேல். அதாவது ஆன்டிபாடி மட்டும் இருப்பவர் மாத்திரை தொடங்க வேண்டியதில்லை, வருடம் ஒரு தடவை டி.எஸ்.எச். பார்த்துக்கொண்டால் போதும். இந்தியாவில் சென்னை உள்ளிட்ட எட்டு நகரங்களில் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், பெரியவர்களில் கிட்டத்தட்ட 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைவும், 22 சதவீதம் பேருக்கு ஆன்டி டி.பி.ஓ. பாசிட்டிவும் இருந்தது. ஐந்தில் ஒருவருக்கு மேல். அத்தனை பேரும் நோயாளிகள் இல்லை.

இது ஏன் வருகிறது என்று கேட்பவர்களில் பாதிப் பேர் உப்பைக் குற்றம் சொல்கிறார்கள். தூத்துக்குடி மாவட்டத்தில் இருந்துகொண்டு உப்பைப் பற்றிப் பேசாமல் இருக்கவும் முடியாது. ஆறுமுகநேரியில் பாத்தி, முள்ளக்காட்டில் பாத்தி, குவித்து ஓலை மூடிய உப்பைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். “அந்தக் காலத்துல கல்லுப்புதான தின்னோம், ஒரு வியாதியும் இல்லையே. இந்தப் பாக்கெட்டு உப்பு வந்த பொறவுதான இதெல்லாம்” என்று கேட்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தையில் ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

முதலில் அயோடின் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். 1956-ல் டாக்டர் வி. ராமலிங்கசாமியும் அவருடைய குழுவும் இன்றைய இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் தொடங்கிய ஆய்வில், அயோடின் சேர்த்த உப்பைக் கொடுத்ததும் கழுத்துக் கட்டி கண்கூடாகக் குறைந்தது. அதன் பிறகுதான் 1962-ல் நாடு தழுவிய திட்டம் வந்தது. கட்டியை விடப் பெரிய கேடு கருவிலிருக்கும் குழந்தையின் மூளைக்கு. தாய்க்கு அயோடின் போதாவிட்டால் பிறக்கும் பிள்ளையின் அறிவு வளர்ச்சி குன்றும், பிறகு அதைச் சரிசெய்ய முடியாது.

மறுபக்கமும் உண்மை. அயோடின் கூடுதலாக ஏறிய தைரோகுளோபுலின், நோய் எதிர்ப்பு அணுக்களின் கண்ணில் எளிதாகப் படுகிறது. பரம்பரையாக இந்த நோய்க்கு இடம் உள்ள உடம்பில் அது ஆன்டிபாடியைக் கிளப்பலாம். டென்மார்க்கில் 2000-ஐ ஒட்டி உப்பில் அயோடினைக் கவனமாகச் சேர்த்த பிறகும் ஆன்டிபாடி உள்ளவர்களின் பங்கு கூடியது. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில், அயோடின் உப்பு வந்த சில ஆண்டுகளில் பள்ளிப் பெண்களைப் பரிசோதித்து 2000-ல் வெளியிட்ட ஆய்வில், தைரோகுளோபுலின் ஆன்டிபாடி எதிர்பாராத அளவில் இருந்தது. ஆனால் ஆன்டிபாடி இருந்த அந்தப் பெண்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சுரப்பி நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது. உப்பை நிறுத்தினால் இந்த நோய் ஆறும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. 2018-19-ல் நடந்த இந்திய அயோடின் ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகளின் விகிதத்தில் தமிழ்நாடு கடைசி இடத்தில் நின்றது, சுமார் 62 சதவீதம். உப்பு விளைகிற மாநிலம் கடைசியில் நின்றது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கருவாட்டுக்குக் கல்லுப்பு போடட்டும், உலையில் போடும் உப்பு அயோடின் உப்பாக இருக்கட்டும். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன்.

பெண்களுக்கே இது பல மடங்கு அதிகம். குடும்பமாகவும் வருகிறது. பாட்டி, அம்மா, பேத்தி என்று மூன்று தலைமுறைச் சீட்டும் எங்கள் ரிஜிஸ்டரில் உண்டு. அதனால் ஒருவருக்கு வந்தால், “கூடப் பெறந்த அக்கா தங்கச்சியவளையும் ஒரு டி.எஸ்.எச். மட்டும் பாக்கச் சொல்லுங்க” என்பேன்.

மாத்திரை போட்டும் டி.எஸ்.எச். எண்ணைக் கெடுப்பவற்றில் சில எங்கள் ஊருக்கே உரியவை. முதலாவது கருப்பட்டிக் காப்பி. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய உடன்குடிக் கருப்பட்டியை யாரும் குறை சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் வெறும் வயிற்றில் போட வேண்டிய மாத்திரையைக் காலைக் காப்பியோடு சேர்த்து விழுங்கினால் மருந்து குடலில் சரியாக ஏறாது. “சீனி போடலையே தம்பி, கருப்பட்டிதான” என்பார்கள். தடுப்பது சீனியோ கருப்பட்டியோ இல்லை, காப்பியே தடுக்கும். மாத்திரையைத் தண்ணீரில் போட்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துக் காப்பி குடிக்கலாம். இரும்புச்சத்து மாத்திரையும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் நான்கு மணி நேரம் தள்ளி. கர்ப்பிணிகள் மூன்றையும் ஒன்றாக உள்ளங்கையில் வைத்து விழுங்குவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

புரட்டாசியில் குலசை என்று நாங்கள் சொல்லும் குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு மாலை போட்டு விரதம் இருப்பவர்களில் சிலர், விரதத்தில் மருந்து கூடாது என்று மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். தைராக்சின் உடம்பில் பாதியாகக் குறைய ஒரு வாரம் ஆகும், அதனால் நிறுத்தியது உடனே தெரியாது. சூரசம்ஹாரம் முடிந்து ஊர் திரும்பி, அடுத்த மாதம் கை கால் வீங்கி வரும்போது டி.எஸ்.எச். எங்கோ போயிருக்கும். முத்தாரம்மன் யார் மாத்திரையையும் நிறுத்தச் சொல்லவில்லை என்று பூசாரிகளே சொல்லி அனுப்பிய ஆட்கள் உண்டு. நோன்பு மாதத்தில் உடன்குடியிலும் காயல்பட்டினத்திலும் இருந்து வரும் லாத்தாமார் இந்த விஷயத்தில் கவனமானவர்கள். சஹருக்கு எழுந்தவுடன் முதல் வேலையாக மாத்திரை, பிறகுதான் அடுப்பு. டாக்டர் சொன்னபடி இரவில் சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் போடுகிறவர்களும் உண்டு.

முடி உதிர்வுக்குப் போடும் பயோட்டின் மாத்திரை வேறு வகைத் தொல்லை. அது சுரப்பியை ஒன்றும் செய்யாது, பரிசோதனையைத்தான் கெடுக்கும். ஒரு நாளைக்கு நமக்குத் தேவை சுமார் 30 மைக்ரோகிராம். மாத்திரையில் இருப்பது பத்து மில்லிகிராம். சில கிட்டுகள் பயோட்டின் ஒட்டும் முறையிலேயே அளக்கின்றன. ரத்தத்தில் அது மிகுந்திருந்தால் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும், டி4 பொய்யாகக் கூடியும், ரிசப்டார் ஆன்டிபாடிகூடப் பொய்யாகப் பாசிட்டிவாகவும் வரும். தைராய்டு மிகையாகச் சுரக்கிறது என்று காகிதத்தில் முழுப் படமும் வந்துவிடும், ஆள் நன்றாக இருப்பார். தைராய்டு குறைந்தவர்களுக்குத்தான் முடியும் உதிரும், அவர்கள்தான் இந்த மாத்திரையும் வாங்குகிறார்கள். அதனால் ஊசி குத்துவதற்கு முன்பே கேட்கிறோம். போட்டிருந்தால் குறைந்தது இரண்டு நாள் நிறுத்திவிட்டு வரச் சொல்கிறோம்.

ரிசப்டார் ஆன்டிபாடி என்று சொன்னேன். ஆன்டி டி.பி.ஓ. போல இதுவும் ஆன்டிபாடிதான், ஆனால் இதன் கதையே வேறு.

மேலே சொன்ன அதே 1956-ல், நியூஸிலாந்தின் டுனிடினில் டங்கன் ஆடம்ஸும் பர்வ்ஸும் ஒரு வினோதத்தைப் பார்த்தார்கள். தைராய்டு மிகையாகச் சுரக்கும் நோயாளியின் சீரத்தைக் கினி எலிக்கு ஏற்றினால் அதன் சுரப்பி தூண்டப்பட்டது. டி.எஸ்.எச். ஏற்றினாலும் தூண்டப்படும்தான், ஆனால் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். நோயாளியின் சீரம் தூண்டியது அதைவிட வெகுநேரம் நீடித்தது. அது டி.எஸ்.எச். இல்லை, ஆன்டிபாடி என்று பின்னால் தெரிந்தது. செல்லின் வெளிப்பக்கம் இருக்கும் ரிசப்டாரில் போய் உட்கார்ந்து, டி.எஸ்.எச். கொடுக்கும் அதே உத்தரவை அது கொடுக்கிறது. பிட்யூட்டரி தன் டி.எஸ்.எச்.சை முழுக்க நிறுத்தினாலும் இது நிற்காது. கிரேவ்ஸ் நோய் என்பது இதுதான். நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், தின்றும் மெலிவது, சிலருக்குக் கண் பிதுங்குவது. அதே ரிசப்டாரில் உட்கார்ந்து, உத்தரவு கொடுக்காமல் இடத்தை மட்டும் அடைத்துக்கொள்ளும் வகையும் உண்டு. அப்போது சுரப்பி தளரும். ஒரே ஆளுக்கு ஒரு காலத்தில் தூண்டும் வகையும் பிறகு அடைக்கும் வகையும் மேலோங்கி, நோய் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறுவதும் அபூர்வமாக நடக்கும்.

இங்கே ஆன்டிபாடிதான் நோயைச் செய்கிறது. இதில் எண்ணுக்கு அர்த்தம் உண்டு. கிரேவ்ஸ் நோய்க்கான மருந்தை நிறுத்தலாமா என்று முடிவெடுக்க டாக்டர்கள் இதைத் திரும்பவும் பார்க்கச் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எனக்குத் தெளிவாகக் காட்டியவர்கள் இரண்டு தாய்மார்கள்.

ஒருவர் ஆசிரியை. ஆன்டி டி.பி.ஓ. ஆயிரத்துக்கு மேல். கர்ப்பமானதும் மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதியிருந்தார்கள், வழக்கமாக இருபத்தைந்து, முப்பது சதவீதம் கூட்டுவது உண்டு. டி.எஸ்.எச். பார்க்க வரும்போதெல்லாம் அவர் கேட்டது ஒன்றுதான். “இது பிள்ளைக்கும் போகுமா அண்ணாச்சி?” போகும். தாயின் ஐ.ஜி.ஜி. ஆன்டிபாடிகள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகத்தான் செய்கின்றன, டி.பி.ஓ. ஆன்டிபாடியும் போகும். போயும் குழந்தையின் சுரப்பியை அது ஒன்றும் செய்யவில்லை. பிறந்ததும் பார்த்த டி.எஸ்.எச். சரியாக இருந்தது, குழந்தையும் கொழுகொழுவென்று வளர்ந்தது. தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடி சில மாதங்களில் தானே கரைந்துவிடும். அந்த ஆன்டிபாடி தனியாக நின்று சுரப்பியை அழிக்காது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

பாதிப்பு வந்தது தாய்க்குத்தான், அதுவும் பிரசவத்துக்குப் பிறகு. கர்ப்பத்தில் ஆன்டி டி.பி.ஓ. பாசிட்டிவாக இருக்கும் பெண்களில் பாதிப் பேருக்குப் பிள்ளை பெற்ற ஓராண்டுக்குள் சுரப்பி தடுமாறும். முதலில் பை உடைந்து சேமிப்பு கசிவதால் ஹார்மோன் கூடும், பிறகு குறையும். வீட்டில் “புள்ள பெத்த ஒடம்பு, அப்படித்தான் இருக்கும்” என்று விட்டுவிடுவார்கள். இந்தக் கூடுதலைக் கிரேவ்ஸ் என்று நினைத்து மருந்து கொடுத்தால் பயனில்லை, ஏனென்றால் சுரப்பி மிகையாக எதையும் தயாரிக்கவில்லை. ரிசப்டார் ஆன்டிபாடி இல்லை என்று பார்த்துத்தான் டாக்டர் காத்திருக்கச் சொன்னார். ஆசிரியைக்கு அந்தச் சீட்டு அப்போது பெரிய உதவி.

இன்னொரு பெண் குலசேகரன்பட்டினம் பக்கம். கணவர் துபாயில். அவருக்குக் கிரேவ்ஸ் நோய் இருந்து, சில ஆண்டுகளுக்கு முன் ரேடியோ அயோடின் கொடுத்துச் சுரப்பியை அடக்கிவிட்டார்கள். பிறகு சுரப்பு குறைந்து, எல்லோரையும் போலத் தைராக்சின் மாத்திரை. கர்ப்பமானபோது டி.எஸ்.எச். அருமையாக இருந்தது. டாக்டர் டி.எஸ்.எச். ரிசப்டார் ஆன்டிபாடியும் எழுதியிருந்தார். மாமியார் சீட்டைப் பார்த்துவிட்டு விலையைக் கேட்டார். “சொரப்பியத்தான் கருக்கியாச்சே, இனி எதுக்குத் தம்பி இம்புட்டு ரூவாக்கு ஒரு டெஸ்டு?”

நியாயமான கேள்வி. சுரப்பிதான் கருகியது, ஆன்டிபாடி கருகவில்லை. அது ரத்தத்தில் சுற்றிக்கொண்டேயிருக்கும், ரேடியோ அயோடினுக்குப் பிறகு சில ஆண்டுகள்கூட. தாயிடம் அது உட்கார இடம் இல்லை. வயிற்றுப் பிள்ளைக்கோ இருபது வாரத்தை ஒட்டிப் புதிய சுரப்பி வேலைக்குத் தயாராகி நிற்கிறது. இதைப் பொறுமையாகச் சொன்னதும் மாமியார் வேறு பேச்சில்லாமல் இடுப்புப் பையை அவிழ்த்தார்.

1.75 தாண்டினால் பாசிட்டிவ் என்று கொள்ளும் கிட்டில் மருமகளுக்கு 11-க்கு மேல் வந்தது. மூன்று மடங்கைத் தாண்டினாலே குழந்தையைக் கண்காணிக்க வேண்டும் என்பது விதி. ரிப்போர்ட் பிரிண்ட் ஆகும் முன்பே டாக்டருக்குப் போன் செய்தேன். அதற்குப் பிறகு ஸ்கேனில் பிள்ளையின் இதயத் துடிப்பையும் கழுத்தையும் பார்த்துக்கொண்டே வந்தார்கள். பிரசவம் திருநெல்வேலியில். பிறந்த சில நாளில் குழந்தைக்கு நாடி வேகம், தூக்கமில்லை, பால் குடித்தும் எடை ஏறவில்லை. எதிர்பார்த்துக் காத்திருந்ததால் உடனே மருந்து தொடங்கினார்கள். பிறகு ஊருக்கு வந்ததும் எங்களிடம்தான் ரத்தம் பார்க்க வருவார்கள். அவ்வளவு சிறிய குழந்தைக்கு நரம்பு கிடைப்பது எளிதில்லை. அம்மாவிடம் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி, புறங்கையை டார்ச் வெளிச்சத்தில் பிடித்து, பட்டாம்பூச்சி ஊசியில் ஒரு மில்லிக்குள் எடுப்போம். ஒவ்வொரு தடவையும் டி4 இறங்கிக்கொண்டே வந்தது. அதுவரை அடங்கிக் கிடந்த டி.எஸ்.எச். மெல்ல எழுந்தது. மூன்று மாதத்துக்குள் மருந்தை முழுக்க நிறுத்திவிட்டார்கள். தாயின் ஆன்டிபாடி குழந்தையின் ரத்தத்தில் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை பாதியாகக் குறைந்துகொண்டே போயிருந்தது, அதோடு நோயும் போயிற்று.

அந்தப் பெண் இரண்டாவது தடவை கர்ப்பமானபோது, நாள் தள்ளிய சில வாரத்திலேயே தானாக வந்து நின்றார். “அண்ணன், அந்த ரிசப்டார் டெஸ்ட எடுத்திருங்க, டாக்டர்ட்ட நாளைக்குத்தான் போறேன்.” டாக்டர் எழுதட்டும், வாரக் கணக்குப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் சீட்டோடு வந்தார். முதல் கட்டத்தில் ஒரு தடவை, இருபது வாரத்தை ஒட்டி ஒரு தடவை, முப்பது தாண்டி ஒரு தடவை என்று டாக்டர் எழுதியிருந்தார். மாமியார் கூடவே வந்திருந்தார், இந்தத் தடவை விலை கேட்கவில்லை. முதல் ரிப்போர்ட்டில் 4-க்குச் சற்று மேல் வந்தது. அடுத்ததை அதே லேபுக்கு, அதே கிட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று ரிஜிஸ்டரில் அவர் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் எழுதிவைத்திருக்கிறேன்.